படித்தவர்களும் நல்லவர்களும் ஏன் மடத்தனம் செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: நல்ல குணமும் படிப்பும் அனுபவமும் உள்ள ஒருவர், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஒரு மடத்தனத்தைச் செய்கிறார். சுட்டிக்காட்டினால் அதற்கு அழகாக நியாயமும் சொல்கிறார். அப்படியானால் மனிதன் அடிப்படையில் நல்லவனா, இல்லை நல்லவன் வேஷம் போடுகிறவனா?

இதற்கு அறிவுக் குறைவு என்றோ சுயநலம் என்றோ பலரும் பதில் சொல்வார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. நாம் செய்கிற மடத்தனங்களில் பெரும்பங்கு, ‘நான் நல்லவன், நான் விவரமானவன்’ என்ற நினைப்பைக் கலையாமல் வைத்துக்கொள்வதற்காகச் செய்வது. பணத்தை விட்டுக்கொடுப்போம், நேரத்தை விட்டுக்கொடுப்போம், இந்த நினைப்பை மட்டும் லேசில் விடமாட்டோம். யாரும் பார்க்காத இடத்தில் நம்மை நேர்மையாக நடக்க வைப்பதும் இதே நினைப்புத்தான். மடமைக்கும் நற்குணத்துக்கும் ஊற்று ஒன்று என்பதுதான் என் பதில். அதனால்தான் ஒன்றை ஒழித்து இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்வது இவ்வளவு கடினமாக இருக்கிறது.

அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். 1723-ல், 17 வயதில், அவர் பாஸ்டனை விட்டுக் கப்பலில் கிளம்புகிறார். அப்போது அவர் சைவ உணவுக்காரர். நமக்கு எந்தத் தீங்கும் செய்யாத மீனைப் பிடிப்பது காரணமில்லாத கொலை என்பது அவர் கொள்கை. பிளாக் தீவுக்கு அருகில் காற்றில்லாமல் கப்பல் நின்றுவிடுகிறது. உடன் வந்தவர்கள் காட் மீன் பிடித்துப் பொரிக்கிறார்கள். ஃபிராங்க்ளினுக்கு முன்பெல்லாம் மீன் என்றால் உயிர். வாசனை வருகிறது. கொள்கைக்கும் ஆசைக்கும் நடுவே கொஞ்ச நேரம் தவிக்கிறார். அப்புறம், மீனை அறுத்தபோது அதன் வயிற்றிலிருந்து சின்ன மீன்களை எடுத்தார்களே என்பது நினைவுக்கு வருகிறது. நீங்களே ஒருவரை ஒருவர் தின்னும்போது நாங்கள் உங்களைத் தின்றால் என்ன என்று முடிவு செய்து வயிறாரச் சாப்பிட்டுவிடுகிறார். பகுத்தறிவுள்ள பிராணியாக இருப்பது எவ்வளவு வசதி, மனதுக்குப் பிடித்த எதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமே என்று பிற்பாடு எழுதுகிறார்.

இதில் நான் கவனிப்பது வரிசையை. முதலில் வந்தது வாசனை. வாதம் அதற்குப் பின்னால் வந்தது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மீன் சட்டியில் பொரிகிற அந்த நேரத்தில்தான் அது ஒரு வாதமாக மாறுகிறது. இன்னொன்றும் பாருங்கள். ‘ஆசையாக இருக்கிறது, சாப்பிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவருக்கு மீன் மட்டும் போதவில்லை, கொள்கை உள்ளவன் என்ற நினைப்பும் கூடவே வேண்டியிருந்தது. நம் அறிவு பல நேரங்களில் நமக்கு நீதிபதியாக இருப்பதில்லை. கட்சிக்காரர் என்ன செய்துவிட்டு வந்தாலும் வாதாடத் தயாராக இருக்கிற வக்கீலாகத்தான் இருக்கிறது.

இந்த நினைப்பைக் காப்பாற்ற நாம் உண்மையை எவ்வளவு தூரம் வளைப்போம் என்பதை 1959-ல் உளவியலாளர்கள் லியோன் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களை வைத்து ஒரு சோதனையில் காட்டினார்கள். மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை. தட்டில் உருளைகளை அடுக்குவது, எடுப்பது, மறுபடி அடுக்குவது. பலகையில் உள்ள முளைகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருப்பது. முடிந்ததும், வெளியே காத்திருப்பவரிடம் ‘வேலை ரொம்ப சுவாரசியம்’ என்று சொல்லச் சொன்னார்கள். இந்தப் பொய்க்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு, வேலை நிஜமாகவே எப்படி இருந்தது என்று கேட்டார்கள். 20 டாலர் வாங்கியவர்கள் சலிப்பாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. 1 டாலர் வாங்கியவர்கள்தான் நன்றாகவே இருந்தது என்றார்கள்.

20 டாலர் கிடைத்தால் பொய்க்குக் காரணம் கையிலேயே இருக்கிறது: காசுக்காகச் சொன்னேன். 1 டாலர் அதற்குப் போதாது. ‘ஒரு டாலருக்காகப் பொய் சொல்கிற ஆளா நான்?’ என்ற கேள்வி உறுத்துகிறது. அதற்குப் பதில் சொல்வதைவிட, வேலை நன்றாகத்தான் இருந்தது என்று நம்பிவிடுவது சுலபம். அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. தாங்களே நம்பிவிட்டார்கள். நியாயம் சொல்கிறவர்களைப் பாசாங்குக்காரர்கள் என்று நான் உடனே முத்திரை குத்தாததற்கு இதுதான் காரணம். பாசாங்குக்காரனுக்குத் தான் பொய் சொல்வது தெரியும். பெரும்பாலானவர்களுக்கு அது தெரிவதில்லை.

சரி, அறிவு அதிகமானால் இது குறையாதா? வக்கீல் கெட்டிக்காரராகிவிட்டால் வாதம்தான் பலமாகும். ஆர்தர் கோனன் டாயிலின் கதை இதற்கு நல்ல உதாரணம். நான் சொல்லப்போவதை வைத்து அவரைச் சிறுமைப்படுத்திவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற கிராமத்தில் எல்ஸி ரைட், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு சிறுமிகள், ஓடைக்கரையில் சிறகுள்ள குட்டித் தேவதைகளைப் பார்த்ததாகச் சொல்லிப் புகைப்படமும் எடுத்தார்கள். எல்ஸிக்கு 16 வயது, பிரான்சிஸுக்கு 9. 1920-ல் இன்னும் மூன்று எடுத்தார்கள், மொத்தம் ஐந்து. டாயில் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். தடயத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பதற்கே பெயர்போன துப்பறிவாளரான ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கியவர். அவர் இந்தப் படங்களை நம்பினார். 1920 டிசம்பரில் ஒரு பிரபலமான பத்திரிகையில் கட்டுரை எழுதினார், 1922-ல் புத்தகமே போட்டார்.

அவர் விசாரிக்காமல் நம்பவில்லை. படங்கள் நிபுணர்களிடம் போயின. ஒரு நிபுணர் அசல் என்றார். கோடக் நிறுவனத்தினர் போலிக்கான அடையாளம் தெரியவில்லை என்றார்கள், ஆனால் உண்மை என்று சான்றிதழ் தர மறுத்தார்கள். இல்ஃபோர்ட் நிறுவனத்தினர் போலிக்கான அறிகுறிகள் இருப்பதாகவே சொன்னார்கள். நடுநிலையாகப் பார்க்கிறவருக்கு இதில் சந்தேகப்பட நிறைய இருக்கிறது. டாயில் தரப்பு எடுத்துக்கொண்டது, இரண்டு ஓட்டு சாதகம், ஒன்று பாதகம் என்று. அதோடு, உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்பட மோசடி செய்கிற திறமை எங்கிருந்து வரும் என்றும் அவர் வாதாடினார். அந்த வாதத்தில் வர்க்க மமதை இருப்பது இன்று நமக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருந்தது அவ்வளவு கூர்மையான மூளை.

1983-ல்தான் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகள் புத்தகத்தில் இருந்த படங்களைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்தி வைத்து எடுத்தவை. ஐந்தாவது படம் மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் சொல்லிவந்தார். டாயில் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்றால், அவ்வளவு பெரிய மனிதர் நம்பிவிட்ட பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது என்பது அவர்கள் பதில். ஒருவரை அவமானப்படுத்தக் கூடாது என்ற மனமும் அந்த வெட்கத்தில் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் இந்தப் பொய்யை அத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்ததில் கெட்ட எண்ணத்துக்குப் பங்கே இல்லை. டாயிலின் பக்கமும் அப்படித்தான். முதல் உலகப் போரில் காயம்பட்ட அவர் மகன் 1918-ல் நோயில் இறந்தார். ஆவியுலகத்தில் அவருக்கு நம்பிக்கை அதற்கு முன்பே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பது அவருக்கு ஆறுதலும் கொள்கையும் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு சாட்சி தானாக நடந்து வருகிறது. அதைத் தள்ளிவிட எத்தனை பேரால் முடியும்?

கெட்ட எண்ணமே இல்லாத மடமையைப் பற்றி எழுதிய பழைய ஆள் ஒருவர் உண்டு. கிரேக்கத்தில், அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு அவர் பள்ளியை நடத்திய தியோஃபிராஸ்டஸ். முகஸ்துதிக்காரன், வாயாடி, கஞ்சன், தற்பெருமைக்காரன் என்று 30 வகை மனிதர்களைச் சின்னச் சின்னச் சித்திரமாக எழுதியிருக்கிறார். அதில் ‘வேளை தெரியாதவன்’ ஒருவன். நீண்ட பயணம் முடித்துக் களைத்து வந்தவரை, வாங்களேன் ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று கூப்பிடுவான். காதலிக்குக் காய்ச்சல் அடிக்கும்போது போய்ப் பாடுவான். 2300 ஆண்டுகள் ஆகின்றன, ஆளை உடனே அடையாளம் தெரிகிறது. அவன் மனதில் அவன் அன்பானவன், கூட்டத்திலேயே கலகலப்பானவன். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு அந்த நினைப்பு அவனை விடுவதில்லை.

நம்மை நாம் எண்ணத்தை வைத்து அளக்கிறோம், மற்றவர்களைச் செயலை வைத்து அளக்கிறோம். நம் எண்ணம் நமக்கு உள்ளிருந்தே தெரிகிறது, அடுத்தவருடைய செயல் மட்டுமே வெளியே தெரிகிறது. நான் உதவாமல் போனால் அவசரம், அவர் உதவாமல் போனால் கல்நெஞ்சம். 1973-ல் உளவியலாளர்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்த ஒரு சோதனை இந்த இடத்தில் முக்கியம். பிரின்ஸ்டனில் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில், வாசல் ஒன்றில் சுருண்டு கிடந்தபடி ஒருவர் இருமி முனகுகிறார். அவரை அங்கே வைத்ததும் ஆய்வாளர்கள்தான்.

அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் உதவினார்கள். ஓரளவு அவசரம் என்றபோது 45 சதவீதம். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். உரையின் தலைப்பு சமாரியன் கதையா வேறா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள், கீழே கிடந்தவரைக் கடந்து போனார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பலர், பார்த்தீர்களா, எல்லாம் வேஷம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அதே மாணவர்கள் நேரம் இருந்தபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் அளவுக்கு நின்றார்கள். விரட்டப்பட்டவர்களும் ஒருவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் ஓடினார்கள், அவர்களுக்காகவும் ஒருவர் காத்திருந்தார். குணம் என்று நாம் சொல்வதில் நேரத்துக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு அந்த நேர நெருக்கடி தெரியாது. ஒருவரைப் பற்றித் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், அன்று அவருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பது குறைந்தபட்ச நியாயம்.

மனித குணத்தைப் பற்றிக் கூர்மையான ஒருவரி வாசகங்கள் எழுதியவர்களில் பிரான்சின் லா ரோஷ்ஃபூகோவுக்கு (1613-1680) தனி இடம் உண்டு. உள்நாட்டுக் கலகத்தில் சண்டையிட்டு, முகத்தில் சுடப்பட்டுப் பார்வையே போகும் நிலைக்கு வந்தவர். பிறகு பாரிசில் நண்பர்கள் கூடுகிற வரவேற்பறைகளில் இந்த வாசகங்களைப் பேசிப் பேசிச் செதுக்கினார், 1665-ல் புத்தகமாக வந்தது. நம் நற்குணங்கள் பெரும்பாலும் மாறுவேஷம் போட்ட தீய குணங்களே என்பது அவர் கட்சி. கண்டுபிடிப்பில் பாதி சரி. நன்கொடைக்குப் பின்னால் பெயராசை இருக்கலாம், பணிவுக்குப் பின்னால் கர்வம் இருக்கலாம். ஆனால் பின்னால் அது இருப்பதால் முன்னால் இருப்பது பொய் என்று அவர் போகிறார் பாருங்கள், அங்கே நான் அவரோடு போகமாட்டேன்.

மறுபடி ஃபிராங்க்ளினிடமே வருகிறேன். இளம் வயதில் அவர் 12 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயிற்சி செய்து, தவறிய நாளுக்கு நோட்டில் புள்ளி வைத்துவந்தார். நீ கர்வக்காரன் என்று ஒரு நண்பர் சொன்னதும் பணிவைப் 13-வதாகச் சேர்த்தார். பணிவின் தோற்றம் ஓரளவு கைவந்தது, உண்மையான பணிவு வந்ததாகச் சொல்ல முடியாது என்று அவரே எழுதுகிறார். கர்வத்தை முழுக்க ஜெயித்துவிட்டதாக நினைத்தாலும், அந்தப் பணிவைப் பற்றிக் கர்வப்படுவேன் என்கிறார். ஆனால் அந்தத் தோற்றத்துக்காக அவர் ‘நிச்சயமாக’, ‘சந்தேகமில்லாமல்’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று பேசப் பழகினார். அதனால் பேச்சு இதமானது, எதிர்ப்பு குறைந்தது, தவறு என்று தெரிந்தபோது மாற்றிக்கொள்வதும் சுலபமானது. இப்படிப் பல பத்தாண்டுகள் பேசிய ஒருவரிடம் உள்ளே கர்வம் மிச்சம் இருந்ததா என்பது அவருடைய பிரச்சினை. அவரோடு பேசியவர்களுக்குக் கிடைத்தது பணிவான பேச்சு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட வலுவான சாட்சி 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். வங்கி, ஹோட்டல், தபால் நிலையம், அருங்காட்சியகம் போன்ற இடங்களில் முன்மேசையில் இருப்பவரிடம் ‘தெருவில் கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். சிலவற்றில் பணம் இல்லை, சிலவற்றில் கொஞ்சம் பணம். பணம் இருந்தால் திரும்பி வருவது குறையும் என்று நாம் நினைப்போம். கேட்டபோது பொருளாதார நிபுணர்களாலும் முடிவைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நடந்தது நேர்மாறு. பணம் இல்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் உரிமையாளரைத் தொடர்புகொண்டார்கள், பணம் இருந்த பர்ஸுக்கு 51 சதவீதம் பேர். மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்காக்கிப் பார்த்தார்கள், 72 சதவீதமாக உயர்ந்தது.

பறிகொடுத்தவர் மேல் உள்ள அக்கறை ஒரு காரணம். ஆய்வாளர்கள் சொன்ன இன்னொரு காரணம்தான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. காலிப் பர்ஸை மேசையறையில் போட்டுவிட்டு மறந்தால் சோம்பல், மறதி என்று நமக்கே சொல்லிக்கொள்ளலாம். பணம் உள்ளதை வைத்துக்கொண்டால் திருட்டு என்ற பெயர் வந்துவிடுகிறது. பணம் ஏற ஏற அந்தப் பெயரும் கனமாகிறது. எத்தனையோ பேருக்கு, திருடன் என்று தன்னைத் தானே பார்ப்பது அந்தப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம். ஃபிராங்க்ளினை மீன் தின்ன வைத்த அதே நினைப்பு இங்கே பர்ஸைத் திருப்பித் தர வைக்கிறது. வித்தியாசம் எங்கே? மீன் விஷயத்தில் ஒரு சாக்கு கிடைத்தது, பணம் விஷயத்தில் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கிற சாக்குகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நேர்மையாக இருப்போம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

மனிதர்களின் குறைகளைப் பற்றி இவ்வளவு கூர்மையாக, சிரிக்கச் சிரிக்க எழுதியும் ஏன் யாரும் திருந்துவதில்லை என்றும் கேட்கலாம். நையாண்டி என்பது ஒரு கண்ணாடி, அதில் பார்ப்பவர் தன் முகத்தைத் தவிர எல்லோர் முகத்தையும் காண்பார் என்று 1704-ல் நையாண்டி எழுத்தாளர் ஜொனாத்தன் ஸ்விஃப்ட் எழுதினார். வேளை தெரியாதவனைப் பற்றி மேலே படித்தபோது உங்கள் நினைவுக்கு வந்த ஆள் யார் என்று பாருங்கள்.

வழி இல்லாமல் இல்லை. ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு’ என்ற குறள் நம் எல்லோருக்கும் தெரியும். அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்: புறங்கூறாமை. அடுத்தவர் குற்றத்தைப் பார்க்க நமக்கு ஏற்கெனவே நல்ல கண் இருக்கிறது, அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு என்கிறார். புதிதாக ஒரு திறமையைச் சம்பாதிக்கச் சொல்லவில்லை. 2014-ல் உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் இதையே சோதித்துப் பார்த்தார்கள். துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அது தனக்கு நேர்ந்ததாக நினைத்தவர்களைவிட நண்பருக்கு நேர்ந்ததாக நினைத்தவர்கள் நிதானமாக யோசித்தார்கள். எதிர்த்தரப்பின் கோணத்தையும், தனக்குத் தெரியாதது இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தார்கள். தன் பிரச்சினையையே வேற்று ஆளின் பிரச்சினை போலத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

மற்றவருக்கு அவர் குறையைச் சொல்ல வேண்டி வந்தாலும் இதே வழிதான். விவிலியத்தில் தாவீது ராஜா, தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்தச் சொல்லிச் சாகவும் வைத்துவிடுகிறார். அவரிடம் வந்த நாத்தான் தீர்க்கதரிசி நேராகக் குற்றம் சாட்டவில்லை. நிறைய ஆடு மாடு வைத்திருந்த ஒரு பணக்காரன், ஓர் ஏழை தன் மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்து வைத்தான் என்று கதை சொல்கிறார். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது, அவன் சாக வேண்டியவன் என்கிறார். ‘நீயே அந்த மனுஷன்’ என்கிறார் நாத்தான். அதன்பின் தாவீது வாதாடவில்லை. தீர்ப்பு அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

நாத்தானுக்குத் தீர்க்கதரிசி என்ற அதிகாரம் இருந்தது, கடைசி வரியைச் சொல்ல முடிந்தது. நமக்கு அது இல்லை. அதனால் கதையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ‘உங்கள் தம்பி இதைச் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள், தனியாக இருக்கும்போது கேளுங்கள். பதிலை அங்கேயே வாங்கிவிட வேண்டும் என்று நிற்காதீர்கள். அன்று மறுத்தவர் நாலு நாள் கழித்து எதுவும் சொல்லாமல் நடத்தையை மாற்றிக்கொண்டால், அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுங்கள்.